சிட்டியைக் கழற்றினார்கள், வசீகரனை விட்டுவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கட்டுரை நன்றாகவே இருந்தது. அதற்கு மேலே போட்டிருந்த படம்தான் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. இருட்டுக்குள் ஒரு எஃகு மண்டை ஓடு, அதில் இரண்டு சிவப்புக் கண்கள். கட்டுரையோ, வேலைக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்களைக் கழித்துத் தள்ளும் கணினி நிரல்களைப் பற்றியது. அந்த நிரலுக்குக் கண்ணும் கிடையாது, மண்டையும் கிடையாது. ஆனால் அந்தக் கண் எங்கிருந்து வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியும். 1978 முதல் 2012 வரை ஒரு திரையரங்கில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவன் நான்.

ஆபரேட்டர் ரூம் சுவரில் ஓட்டைகள் உண்டு. ஒன்றில் ஒளி போகும், பக்கத்து ஓட்டையில் நாங்கள் பார்ப்போம். படக்கருவியின் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலத்தில் எனக்குப் படம் பார்க்கவே நேரம் கிடைத்ததில்லை. குச்சிகளுக்கு நடுவே இடைவெளி கூடாமல் குறையாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ரீல் முடியப்போகும் நேரத்தில், அடுத்த ரீலுக்கு மாற்றச் சொல்லித் திரையின் மேல் மூலையில் வரும் புள்ளிக்காகக் கண்ணை இமைக்காமல் காத்திருக்க வேண்டும். அந்தப் புள்ளியை விட்டால் திரை வெள்ளையாகிவிடும், கீழே இருந்து வசவு வரும். டிஜிட்டல் வந்த பிறகுதான் ஓட்டை வழியாக ஜனங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

2010 அக்டோபரில் 'எந்திரன்' வந்தபோது எங்களிடம் டிஜிட்டல் வந்துவிட்டிருந்தது. என் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. ஸ்டூல் மேல் ஏறி நின்று, அந்த ஓட்டை வழியாகவே முழுப் படத்தையும் பார்த்தாள். கெட்டவனாக மாறிய சிட்டி என்கிற எந்திரம் 'ம்மே' என்று ஆடு மாதிரி கத்துகிற இடத்தில் அரங்கமே எழுந்து விசில் அடித்தது. அவனை உருவாக்கிய விஞ்ஞானியும் நாயகனுமான வசீகரனுக்கு அதில் பாதிகூட விழவில்லை. இரண்டும் ரஜினிதான். '16 வயதினிலே' பரட்டையைப் பார்த்து வளர்ந்த ஜனங்களுக்கு அவருடைய வில்லத்தனம் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த விசில் அடங்கி நீதிமன்றக் காட்சி வந்ததும் அரங்கம் அமைதியாகிவிட்டது. அத்தனை உயிர்ச்சேதத்துக்கும் பதில் சொல்ல வசீகரன் நிற்கிறார். சிட்டி வந்து, வசீகரனின் குருவான போரா தன்னைக் கெட்டவனாக்கத் தனக்குள் பொருத்திய சிவப்புச் சிப்பைப் பற்றிச் சொல்கிறான், பதிவான காட்சியையும் போட்டுக் காட்டுகிறான். நீதிமன்றம் வசீகரனை விடுவித்துவிட்டு, சிட்டியைப் பிரித்துவிடச் சொல்கிறது. அவன் தன் கை கால்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறான்.

பேத்தி அழுதுகொண்டே கேட்டாள்: "தாத்தா, அவனை மொதல்ல ஒடச்சது அவருதான? அவரை ஏன் விட்டுட்டாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு நாளைக்கு நான்கு காட்சியாக அந்தப் படத்தை ஓட்டினேன். ஒவ்வொரு காட்சியிலும் அவள் கேட்ட இடத்துக்கே மனம் போய் நின்றது. கதை எந்த வரிசையில் நடக்கிறது என்று பாருங்கள். உணர்ச்சி இல்லாத எந்திரம் ஆபத்து என்று போரா சொன்னதால் வசீகரனே அவனுக்கு உணர்ச்சியைக் கொடுக்கிறார். கொடுத்த உணர்ச்சியால் அவன் வசீகரனின் காதலி சனாவை நேசிக்கிறான். ராணுவத்துக்குக் காட்டும் சோதனையில் சொதப்புகிறான். ஆத்திரத்தில் வசீகரன் அவனைத் துண்டு துண்டாக வெட்டிப்போடுகிறார். குப்பை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். இத்தனைக்கும் பிறகுதான் சிவப்புச் சிப்பு வருகிறது. சனாவைத் தூக்கிக்கொண்டு போனதையும் கண்டபடி கொன்றதையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தச் சிப்பு இல்லாமலே அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சிப்பு வந்ததும் காரணமெல்லாம் அதன் தலையில் போய்விடுகிறது. செய்தவர் வீட்டுக்குப் போகிறார், ஒரு பாகம் மாட்டிக்கொள்கிறது.

இதை இயக்குநர் ஷங்கர் ஒருவர் தலையில் கட்ட மாட்டேன். அந்தப் பேத்தி இப்போது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் அவளுக்குப் பாடம். செத்த உடல்களின் பாகங்களைச் சேர்த்து ஒருவன் ஒரு உயிரை உண்டாக்கும் கதை அது. விடுமுறையில் வந்தவள், நாவலின் கதையைச் சொல்லிவிட்டு 1931ஆம் வருடத்துப் படத்தைத் தன் மடிக்கணினியில் போட்டுக் காட்டினாள். படத்தில், மூளை எடுத்துவரப் போன உதவியாள் நல்ல மூளை இருந்த ஜாடியைக் கை தவறி உடைத்துவிட்டு, கெட்ட மூளை என்று சீட்டு ஒட்டிய ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். பிறகு நடக்கிற எதற்கும் அதுவே காரணம் ஆகிவிடுகிறது. நாவலில் அந்த ஜாடியே கிடையாது. உயிர் கொடுத்தவன், அது கண் திறந்த கணமே அருவருத்து ஓடிவிடுகிறான். அந்த உயிர் ஒரு குடும்பத்தை ஒளிந்திருந்து, சுவரின் விரிசல் வழியாக மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்தே பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்கிறது. கடைசியில் தைரியமாக அவர்கள் முன்னால் போய் நிற்கும்போது அடி வாங்குகிறது. அதன் பிறகுதான் பகை முற்றுகிறது. விரிசல் வழியாக என்று அவள் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. முப்பத்து நான்கு வருடம் ஓட்டைக்குப் பின்னால் நின்று, கடைசியில் அதன் வழியாக மனிதர்களைப் பார்த்தவனுக்கு அது புரியாதா? அந்தப் படத்தில் அந்த உயிராக நடித்த போரிஸ் கார்லாஃப்புக்கு வசனமே கிடையாது, உறுமல்தான். நாவலில் பக்கம் பக்கமாகத் தன் வழக்கை வாதாடிய உயிரின் நாக்கை அறுத்துவிட்டார்கள். நம் படத்தில் சிட்டியைக் கடைசிவரை பேச விட்டார்கள், அதற்காக ஷங்கருக்கும் வசனம் எழுதியவர்களுக்கும் என் வணக்கம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது ஆபரேட்டருக்குத் தெரியும். இடைவேளைக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஒருவன் அடித்து வீழ்த்தப்பட்டாக வேண்டும். நியாயமுள்ளவனை அடித்தால் கை தட்டல் வராது. அதனால் அவன் மேல் ஒரு அடையாளத்தை ஒட்டுகிறார்கள். அர்னால்ட் கொலைகார எந்திரமாக நடித்த 'டெர்மினேட்டர்' 1984இல் வந்தது, தோல் கிழிந்த இடத்தில் சிவப்புக் கண் எரியும். உங்கள் பக்கத்தில் இருந்த மண்டை ஓடு அதன் பேரப்பிள்ளைதான். 1991இல் இரண்டாம் பாகம் வந்தபோது அர்னால்ட் பெரிய நட்சத்திரம். அதே முகம், அதே எந்திரம், இந்த முறை பையனைக் காப்பாற்ற வருகிறது. காரணத்தைப் படமே சொல்லிவிடுகிறது: அனுப்பியவர்கள் வேறு, கொடுத்த உத்தரவு வேறு.

'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியாக 2018இல் வந்த '2.0' எனக்கு இன்னும் ஆறவில்லை. பறவைகளுக்காக வாழ்ந்து, யாரும் காது கொடுக்காததால் செல்போன் கோபுரத்தில் தூக்கு மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் பட்சிராஜன். கோபுரக் கதிர்வீச்சுதான் பறவைகளைக் கொல்கிறது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயமில்லை, அதை நான் பிடித்துக்கொண்டு பேசவில்லை. மரமும் குளமும் போனால் பறவை போகும் என்பதை மறுப்பார் யார்? அவருடைய துக்கம் உண்மை. அதைப் பாதிப் படம் கேட்டுவிட்டு, அவரைக் கொலை செய்யும் ஆவியாக்கி விட்டார்கள். முடிவில் நாயகன் பக்கத்துக் குட்டி எந்திரங்கள் புறாக்கள் மேல் ஏறி வந்து, இவற்றைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டித்தான் அவரை மடக்குகின்றன. வாயில்லாத ஜீவனைப் பணயம் வைப்பது எந்தக் கதையிலும் வில்லன் செய்கிற வேலை. அதை நாயகன் தரப்பு செய்யும்போது நாம் கை தட்டினோம்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஜப்பானில் 1954 நவம்பரில் 'காட்ஸில்லா' வந்தது. அதே வருடம் மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், மீன்பிடிக்கப் போன ஒரு ஜப்பானியப் படகின் மேல் விழுந்தது. அந்தப் படகில் 23 பேர் இருந்தார்கள், ஒருவர் செப்டம்பரில் இறந்துபோனார். படம் தொடங்குவதே கடலில் ஒரு கப்பலின் மேல் பாயும் வெளிச்சத்தில்தான். மிருகம் ஊரை அழிக்கிறது, ஆனால் அதைக் கிளப்பிவிட்டது குண்டு என்பதைப் படம் ஒருபோதும் மறக்க விடுவதில்லை. செரிசாவா என்கிற விஞ்ஞானியைப் பாருங்கள். ஒரு கண்ணில் கறுப்புத் துணி, ஆளரவமில்லாத ஆய்வுக்கூடம். சினிமா பழக்கப்படி அவர்தான் வில்லன். ஆனால் தான் கண்டுபிடித்தது நாளை ஆயுதமாகும் என்று பயந்து, குறிப்புகளையெல்லாம் எரித்துவிட்டு, அந்த மிருகத்தோடு கடலுக்கு அடியிலேயே உயிரை விடுகிறார். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் வெளியிட்டபோது ஒரு அமெரிக்க நிருபரைப் புதிதாகச் சேர்த்தார்கள், குண்டைப் பற்றிய பேச்சில் நிறைய வெட்டினார்கள். ஃபிலிமை வெட்டி ஒட்டியே கை காய்த்தவன் நான். பத்தடி வெட்டினால் பாட்டு போகும், இன்னும் பத்தடி வெட்டினால் குற்றவாளியே மாறிவிடுவான்.

தமிழிலும் இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் ஜீனோ என்கிற நாய் ஒரு இயந்திரம். புத்தகம் படிக்கும், தானாக யோசிக்கும், யோசிக்க யோசிக்க நல்லதாகவே ஆகும். நாட்டை ஆளும் ஜீவாவோ வெறும் ஒளிப்பிம்பம், பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு கிழவன் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறான் என்று நினைக்கலாம். எனக்குச் சிறிய ஓய்வூதியம் ஒன்று வருகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று விரல் ரேகை வைத்துக் காட்ட வேண்டும். சூடான கார்பன் பிடியும் ஃபிலிம் ஒட்டும் பசையும் என் விரல் நுனிகளைத் தேய்த்துவிட்டன. போன வருடம் மூன்று முறை போனேன். "சிஸ்டம் எடுக்கல ஐயா" என்றார் அந்தப் பையன். நல்ல பையன், தண்ணீர் கொடுத்தான், பாவம் அவனால் ஆனது அவ்வளவுதான். ரேகை தேய்ந்தவர்களுக்கு வேறு வழி என்ன என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவர் யோசித்திருக்க வேண்டுமல்லவா? அவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று மூன்று முறையும் கேட்டேன். பதில் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் பணம் நின்று, பிறகு வந்தது.

உங்கள் கட்டுரையில் ஒரு பெண்ணின் விண்ணப்பம் கழிக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள், அவளும் யாரிடமாவது இதே கேள்வியைக் கேட்டிருப்பாள். அடுத்த முறை சிவப்புக் கண்ணைப் போடாதீர்கள், தயவுசெய்து. என்ன விதியின்படி யாரைக் கழிக்க வேண்டும் என்று அந்த நிரலுக்கு உத்தரவு கொடுத்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டு, அவர்கள் சொல்வதை அதே இடத்தில் போடுங்கள்.

நவம்பரில் நான் மறுபடி போக வேண்டும். பேத்தி கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்க ஆபரேட்டர்,
கும்பகோணம்.