கீமோவும் கதிரும் முதலில் என்றால் அது தள்ளிப்போடுதல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உணவுக்குழாய்ப் புற்றுநோய் பற்றி நமது பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் இரண்டே வகை. வெற்றிலை, புகையிலை போடாதீர்கள் என்ற அறிவுரை ஒன்று. எங்கோ ஒரு நாட்டில் புது மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற நாலு வரிச் செய்தி மற்றது. நோய் என்று உறுதியான பிறகு ஒப்பரேஷன் எப்போது செய்வது, அதற்கு முன்னால் என்ன செய்வது, யார் கையால் செய்வது என்பதை எழுதுவோர் குறைவு. சத்திரசிகிச்சை வார்ட்டுகளில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி நான். குடும்பங்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான் என்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

"கட்டியெண்டு தெரிஞ்சாப் பிறகும் ஏன் மிஸ்ஸி வெட்டுறாங்க இல்ல?" மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வருபவர்களும் சரி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து வருபவர்களும் சரி, என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். வைத்தியர் முதலில் கீமோ, கதிர் சிகிச்சை, அதற்குப் பிறகு சில கிழமை இடைவெளி, பிறகுதான் ஒப்பரேஷன் என்று சொல்லியிருப்பார். வீட்டார் அதை இடமில்லாமல், நேரமில்லாமல் சொல்லும் சாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள், ஏழைகள் என்றபடியால்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு, அந்தக் கோபத்தில் ஆளை வீட்டுக்குக் கூட்டிப் போய் பரிகாரியிடம் காட்டி, தண்ணீர் கூட இறங்காத நிலையில் திரும்பக் கொண்டு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். இன்னும் சிலர் காணியை ஈடு வைத்து, உடனே வெட்டித் தருகிற இடம் தேடி ஓடுகிறார்கள்.

இந்த வரிசை ஒரு சாட்டு இல்லை. நெதர்லாந்தில் குறோஸ் என்ற பெயரில் ஒரு ஆய்வு நடத்தினார்கள், முடிவு 2012இல் வெளிவந்தது. 366 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நேரே ஒப்பரேஷன். மற்றவர்களுக்கு ஐந்து கிழமை, கிழமைக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்து, அதோடு 23 தடவை கதிர், அதற்குப் பிறகு ஒப்பரேஷன். நேரே வெட்டப்பட்டவர்களில் பாதிப்பேர் 24 மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள். முதலில் சிகிச்சை எடுத்தவர்களில் பாதிப்பேர் 49 மாதத்தையும் தாண்டி இருந்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் அழியவில்லை: நேரே வெட்டப்பட்டவர்களில் 25%, முதலில் சிகிச்சை எடுத்தவர்களில் 38% உயிருடன். கீமோவும் கதிரும் எடுத்த உடம்பு ஒப்பரேஷனைத் தாங்காது என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. அந்த ஆய்வில் ஒப்பரேஷனுக்குப் பிந்திய சிக்கல்களும் வைத்தியசாலையில் நடந்த மரணங்களும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

அதிலும் நம் பக்கத்துக்கு மிக முக்கியமான ஒரு விஷயம் உண்டு. இந்தப் புற்றுநோயில் இரண்டு பெரிய வகை: குழாயின் உட்தோலில் வரும் செதிள்கலப் புற்றுநோய், கீழ்ப்பகுதியில் சுரப்பிக் கலங்களில் வருவது. தெற்காசியாவில் கூடுதலாகக் காண்பது முதல் வகை, வெற்றிலை, புகையிலை, சிகரெட், சாராயத்தோடு ஒட்டியது. குறோஸ் ஆய்வில் அந்த வகை நோயாளிகளில், முன்கூட்டிய சிகிச்சை எடுத்த ஏறத்தாழ பாதிப்பேருக்கு, வெட்டி எடுத்த குழாயை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது உயிருள்ள புற்றுக் கலம் ஒன்றுகூட இருக்கவில்லை. அந்தக் கிழமைகளில் ஒன்றும் நடக்கவில்லை என்று வீட்டில் இருந்து அழுகிறோம், உள்ளே நடக்கிற வேலை அவ்வளவு பெரியது.

அந்தக் கிழமைகளை எப்படிக் கழிப்பது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய விஷயம். சோறு இறங்காமல், கஞ்சியும் தேத்தண்ணீரும் குடித்து, எடை குறைந்து எலும்பும் தோலுமாக வரும் ஒருவரை எந்த நிபுணரும் மேசையில் ஏற்றத் தயங்குவார். ஆகவே முட்டை, பால், நம் ஊர் எருமைத் தயிர், நன்றாக மசித்த மீன், பருப்பு, எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். அதுவும் இறங்காவிட்டால் மூக்கு வழியாகவோ வயிற்றில் சின்னத் துளை போட்டோ குழாய் வைத்து ஊட்டலாம். குழாய் வைத்தால் ஆள் முடிந்தது என்று அர்த்தமில்லை, தயவுசெய்து அதற்கு மறுக்க வேண்டாம். வாய்வைக் கூட்டும், குளிர் என்று சொல்லி முட்டையையும் தயிரையும் நிறுத்துகிற பக்கத்து வீட்டுப் புத்திமதியை நான் வார்ட்டில் எத்தனை பேரிடம் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். சுருட்டையும் வெற்றிலையையும் அன்றோடு விட வேண்டும். மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தால் வீட்டிலும் செய்ய வேண்டும், காலையில் கொஞ்சம் நடக்க வேண்டும். நுரையீரல் தயாராக இருந்தால்தான் ஒப்பரேஷனுக்குப் பிறகு பிழைப்பது சுலபம்.

ஏனென்றால் இது சாதாரண ஒப்பரேஷன் இல்லை. குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் வடிவில் வெட்டித் தைத்து, நெஞ்சுக்குள்ளோ கழுத்து வரையிலோ மேலே இழுத்துப் பொருத்துவார்கள். வயிற்றையும் நெஞ்சையும் திறக்க வேண்டியிருக்கும். 1913இல் நியூயோர்க்கில் பிரான்ஸ் டோரெக் என்ற வைத்தியர் முதன்முதலாக நெஞ்சுக்குள் இருக்கும் உணவுக்குழாயை வெற்றிகரமாக எடுத்தபோது, இரண்டு முனையையும் இணைக்க வழியில்லாமல் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயை வைத்தார். அந்த அம்மா அதன் வழியாகச் சாப்பிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். அந்த இடத்திலிருந்து இன்றைய நிலைக்கு வர நூறு வருட உழைப்பு போயிருக்கிறது. இன்றும் இரண்டு ஆபத்து பெரிதாக உண்டு: தைத்த இடம் கசிவது, நுரையீரலில் கிருமி பிடிப்பது. இரண்டாவதற்கு நல்ல செய்தி இருக்கிறது. நெஞ்சைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகச் செய்தால் என்ன என்று 115 பேரில் பார்த்த ஒரு ஐரோப்பிய ஆய்வில், முதல் இரண்டு கிழமைக்குள் நுரையீரல் தொற்று திறந்த முறையில் 29%, துளை முறையில் 9%. பிரான்ஸில் 207 பேரில் வயிற்றுப் பகுதியை மட்டும் துளை வழியாகச் செய்த இன்னொரு ஆய்விலும் பெரிய சிக்கல்கள் 64 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாகக் குறைந்தன. எல்லோருக்கும் இது பொருந்தாது, அதை நிபுணர்தான் சொல்ல வேண்டும், ஆனால் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

அடுத்ததைக் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒப்பரேஷன் வீட்டுக்குக் கிட்டவே நடக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் விரும்புகிறோம், நானும்தான். ஆனால் 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, இந்த ஒப்பரேஷனை மிக அரிதாகச் செய்யும் இடங்களில் ஐந்தில் ஒருவர் அளவில் இறந்தார்கள், மிக அதிகம் செய்யும் இடங்களில் அது 8% அளவில் இருந்தது என்று காட்டியது. இது தனி வைத்தியரின் கெட்டித்தனம் மட்டும் இல்லை. மயக்க மருந்து நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு, இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறினால் இது தையல் கசிவாக இருக்கலாம் என்று சந்தேகப்படத் தெரிந்த தாதி, எல்லோருக்கும் பழக்கம் வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, நம் பக்கத்து ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அறிவேன். அதற்கு மேலாக வேறு இடத்துக்கு, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ அனுப்பினால், நம்மைக் கைகழுவுகிறார்கள் என்று எடுக்க வேண்டாம்.

அப்புறம், "கீமோவிலேயே கட்டி கரைஞ்சிட்டுதாம், இனி ஒப்பரேஷன் வேணாம்தானே?" என்று கேட்பவர்கள். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் சானோ ஆய்வு, 2025இல் வந்தது. கட்டி முற்றாக மறைந்தது போலத் தெரிந்தவர்களில் ஒரு பகுதியினரை உடனே வெட்டாமல் கண்காணித்தார்கள், இரண்டு வருடத்தில் உயிருடன் இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். நல்ல செய்திதான், ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும்: கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்குக் கிட்டியவர்களுக்குக் கட்டி அதே இடத்தில் திரும்ப வந்தது. குறித்த நாளில் தவறாமல் வாய் வழியாகக் கமரா விட்டு, சதைத்துண்டு எடுத்து, உடம்பில் எங்கே புற்று இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கான் செய்து பார்த்ததால்தான் அதைப் பிடித்து ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோக முடிந்தது. வாகரையிலோ பொத்துவிலிலோ இருக்கும் ஒருவர் கிளினிக் திகதியைத் தவறவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே இன்றைய நிலையில் நம் ஆட்கள் சுகமாகிவிட்டது என்று தாங்களாகவே முடிவெடுத்து நிற்பது ஆபத்து.

வகைக்கு வகை பாதையும் மாறும். ஜப்பானில் செதிள்கல வகைக்கு, கதிர் இல்லாமல் மூன்று மருந்து சேர்ந்த கீமோவை ஒப்பரேஷனுக்கு முன் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். ஜேர்மனியில் சுரப்பி வகைக்கு, ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் கீமோ, குறோஸ் முறையை முந்தியது. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்தது நம் அப்பாவுக்கு ஏன் செய்யவில்லை என்ற ஒப்பீடு உதவாது. சதைத்துண்டு அறிக்கையை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, எந்த வகை என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் நேரத்தோடு வருபவர்களுக்குத்தான். முதலில் இறைச்சி சிக்கும், பிறகு சோறு, பிறகு பாண். மூன்று கிழமைக்கு மேல் அப்படி இருந்தால் பார்மசியில் வயிற்றெரிவுக் குளிசை வாங்கி விழுங்கிக் கொண்டிருக்காமல் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். கத்தி வைத்தால் பரவும் என்ற கதையையும் விட்டுவிட வேண்டும், பரவுவது காத்திருந்து காத்திருந்து வராமல் விட்டதால்தான். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் இந்தப் புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே முடிவு சொல்லிவிட்டது.

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. சிகிச்சை தொடங்கும் ஒவ்வொரு உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிக்கும், எந்தக் கிழமை என்ன என்று தமிழில் எழுதிய ஒரு தாளும், சந்தேகம் வந்தால் கூப்பிடுவதற்கு ஒரு தாதியின் தொலைபேசி இலக்கமும் கொடுங்கள். வெளியூருக்கு அனுப்பப்படுபவர்களுக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் பஸ் செலவும் தங்குமிடமும் கிடைக்க வழி செய்யுங்கள். கூலி வேலை செய்யும் மகன் ஐந்து கிழமை கொழும்பில் நிற்க முடியாமல்தான் பல சிகிச்சைகள் பாதியில் நிற்கின்றன. ஆசிரியர் அவர்களே, சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரையும் புற்றுநோய் வைத்திய நிபுணர் ஒருவரையும் சேர்த்து உட்கார வைத்து, வாசகர் கேள்விகளுக்குப் பதில் வாங்கி ஒரு முழுப் பக்கம் வெளியிடுங்கள். கேள்விகள் வேண்டுமென்றால் வார்ட்டில் கேட்டதையெல்லாம் நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.