17 வயசுக்காரிக்கு மூணு வரி பதில் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சட்டக் கேள்வி பதில் பகுதியில, 17 வயசுப் பொண்ணு ஒருத்தி வீட்ட விட்டு வந்து தனியா தங்கலாமான்னு கேட்டதுக்கு, 18 முடியற வரைக்கும் முடியாது, பெத்தவங்க பேச்சக் கேட்டு இருன்னு மூணு வரியில முடிச்சிட்டீங்க. அந்தப் பொண்ணு ஏன் கேட்டான்னு யாராவது யோசிச்சீங்களா?

நான் பெங்களூரு அல்சூர்ல லேடீஸ் பிஜி நடத்துறேன். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருந்து வர்ற பொண்ணுங்கதான் அதிகம். ஆதார் பாத்து 18 ஆகலன்னா பெத்தவங்க வந்து கையெழுத்து போட்டாதான் ரூம். மைனர் போட்ட அக்ரிமென்ட் 1872 காண்ட்ராக்ட் சட்டப்படி செல்லாது, அது கூடப் பரவால்ல, புள்ளையக் காணோம்னு வீட்டுல கம்ப்ளெயின்ட் குடுத்தா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கடத்தல்னுதான் ஆரம்பிப்பாங்க, முதல்ல வந்து நிக்கறது என் வாசல்லதான். இப்ப பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 137வது பிரிவுல அதுக்கு 7 வருஷம் வரைக்கும் ஜெயில்.

ஆனா வீட்ட விட்டு வந்த புள்ள குத்தவாளி இல்ல, இத நீங்க சொல்லியிருக்கணும். கூட இருந்தவன் எல்லாம் கடத்தினவனும் இல்ல. வரதராஜன்னு ஒருத்தர் மேல மெட்ராஸ்ல போட்ட கேஸ்ல, மேஜராக கொஞ்ச நாளே இருந்த காலேஜ் பொண்ணு தானா விவரம் தெரிஞ்சு கெளம்பி வந்தா, அவர் கூட்டிட்டுப் போனதா ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணுச்சு. அது 1964ல.

இன்னொண்ணு, புள்ளைங்க ரீல்ஸ் பாத்துட்டு கோர்ட்ல எழுதிக்குடுத்தா தனியா போயிடலாம்னு நம்புதுங்க. அதெல்லாம் கலிஃபோர்னியால, அங்க 14 வயசுலயே கேக்கலாம், அதுவும் சொந்தமா சம்பாதிச்சு தனியா இருந்தாதான். நம்ம ஊர்ல அப்படி சட்டமே கிடையாது.

சரி, வீட்டுல அடிக்கறாங்க, படிப்ப நிறுத்திட்டு கல்யாணம் பண்ணி வைக்கறாங்கன்னா அவ என்ன பண்ணுவா? அடங்கி இருன்னா என்ன அர்த்தம்? 2015 ஜேஜே சட்டப்படி, அதாவது சிறார் நீதிச் சட்டப்படி, அவ பாதுகாப்பு தேவைப்படற குழந்தை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அவளே போன் பண்ணலாம், 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி கொண்டு போகணும், தங்க வைக்கறதா, சொந்தக்காரங்ககிட்ட விடறதா, வீட்டுக்கே அனுப்பறதான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். அடிச்சு சித்திரவதை பண்ற பெத்தவங்க மேலயும் அதே சட்டத்துல 75வது பிரிவுல 3 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. வீட்ட விட்டு போடின்னு துரத்தறவங்களுக்கும் இதே பிரிவுதான், சில பேருக்கு இது தெரியவே தெரியாது.

கல்யாணத்துலயும் ஓசூர் தாண்டினா சட்டம் மாறுது. கர்நாடகால 2017ல இருந்து மைனர் கல்யாணம் நடந்த அன்னிக்கே செல்லாது. தமிழ்நாட்டுல பொதுவா அந்தப் பொண்ணே கோர்ட்டுக்குப் போயி ரத்து கேக்கணும், அதுவும் மேஜராகி 2 வருஷத்துக்குள்ள. தாலி கட்டிட்டு வர்ற பொண்ணு எந்தக் கோர்ட்டுக்குப் போவா, யார் வக்கீல் ஃபீஸ் குடுப்பா!

அடுத்த வாரம் அதே பகுதியில, கட்டம் கட்டி 1098ன்னு பெருசா போடுங்க. கேட்ட பொண்ணு படிக்கலன்னாலும் பக்கத்து வீட்டுக்காரி படிப்பா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு