டிப்பர் ஓட்டிய அண்ணனுக்கு நன்றி

க.பரமத்தி பக்கம் கல்குவாரியில் என் விரலைக் காப்பாற்றிய டிப்பர் டிரைவர் அண்ணனுக்காக இதை எழுதுகிறேன். இருந்த பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

எக்ஸ்கவேட்டர் பூமில் (தோண்டும் மெஷினின் நீண்ட கையில்) ஆயில் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸ் கசிகிறது என்று மெக்கானிக்கான என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போய் நின்றதுமே ஹோஸில் ஊசித்துளை விழுந்து, ஆயில் பீய்ச்சி இடது ஆள்காட்டி விரலில் அடித்தது. முள் குத்தியது போல ஒரு புள்ளி, அவ்வளவுதான். ரத்தம் இல்லை, பெரிய வலியும் இல்லை. அங்கேதான் ஆபத்து. இந்த மெஷின்களில் ஆயில் பிரஷர் 300 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் போகும். தோலுக்குள் ஏறிய ஆயில் சதைக்குள் பரவி விரலையே அழுகவைத்துவிடும். சீக்கிரமே திறந்து சுத்தம் செய்தாக வேண்டும்.

நான் சொல்லி முடிப்பதற்குள் டிப்பரை ஓரம் கட்டிவிட்டு, யாருடைய பைக்கையோ வாங்கி, கரூருக்கு விரட்டினீர்கள்.

ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி போட்டு அனுப்பப் பார்த்தார்கள். "முள்ளு இல்லைங்க, பிரஷர் ஆயில் உள்ள போயிருக்கு, சர்ஜனைக் கூப்பிடுங்க" என்று நகராமல் நின்றீர்கள். (பாதி மெக்கானிக்குகளுக்கே இது தெரியாது!) அன்று இரவே ஆபரேஷன் முடிந்தது. இப்போது விரல் மடங்குகிறது, ஸ்பேனர் பிடிக்கிறேன்.

லோடு போகாததற்கு ஓனரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். அந்த நாள் படியை நான் தருகிறேன் அண்ணா. எடைமேடையில் என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன், கூப்பிடுங்கள். உங்கள் டிப்பர் ஜாக்கியில் ஆயில் ஒழுகியதையும் பார்த்தேன். சீல் மாற்றித் தருகிறேன், கூலி பேசக் கூடாது.