டேப்பெட் வைக்கும் மகளுக்கு

அம்மாடி,

டேப்பெட் வைக்க பைக் இன்ஜினின் மூடியைத் திறந்தபோது உள்ளே விழுந்த நட்டு கிடைத்துவிட்டது என்று நேற்று ராத்திரி நீ சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. அது விழுந்ததும் கிக்கரைத் தொடாமல், இன்ஜினைத் துளியும் சுற்றாமல் அப்படியே விட்டாய் பார், அதுதான் பெரிய விஷயம். ஹெட்டின், அதாவது இன்ஜினின் மேல் பகுதியின், பக்கவாட்டில் டைமிங் செயின் ஓடும் பள்ளம் கீழே கிராங்க் என்ற சுழலும் தண்டு வரைக்கும் போகிறது. அதில் நட்டு இறங்கி, இன்ஜினும் சுற்றியிருந்தால் செயினுக்கும் பல்லுக்கும் நடுவே மாட்டியிருக்கும். இரும்பு நட்டு என்பதால் காந்தக் குச்சியில் ஒட்டி வந்துவிட்டது. வராமல் போயிருந்தாலும் வழி உண்டு. ஆயிலை வடித்துவிட்டு, வடிகிற ஓட்டை வழியாகக் காந்தத்தை விட்டுத் தேடலாம். அப்போதும் சிக்காவிட்டால் சைடு கவரைக் கழற்ற வேண்டியதுதான். ஒரு நாள் போகும், அவ்வளவுதான். அடுத்த முறை மூடியைத் திறந்ததும், உள்ளே இறங்கும் வழி தெரிகிற இடத்தில் நூல் பிரியாத சுத்தமான துணியைச் செருகிவிடு. முனை வெளியே தொங்கட்டும். இன்ஜினைச் சுற்றும் முன் மறக்காமல் உருவிவிடு.

சரி, மீதி வேலைக்கு வருவோம். ராத்திரி முழுக்க வண்டி நின்றிருக்கட்டும், காலையில் ஆரம்பி. நாம் சரிசெய்யப் போவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளி. சூடான இன்ஜினில் அது மாறிவிடும், நீ எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிட்டு பிளக்கைக் கழற்று. கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்று அழுந்தும் எதிர்ப்பு, இல்லாமல் கையால் சுற்ற லேசாக இருக்கும்.

வண்டி ஓடும்போது சுற்றும் திசையிலேயே சுற்றி, மேக்னெட் சக்கரத்தில் உள்ள ‘டி’ கோட்டை (பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் கோடு) கவரில் உள்ள குறியோடு சேர்த்து வை. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கிராங்க் இரண்டு சுற்றுக்குத்தான் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் தண்டு ஒரு சுற்று. அதனால் அந்தக் கோடு இரண்டு தடவை வரும். ஒன்றில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், மற்றதில் இரண்டுமே லேசாகத் திறந்திருக்கும். ராக்கர் இரண்டையும் விரலால் ஆட்டிப் பார். இரண்டும் துளி ஆடினால் சரியான இடம். இறுக்கமாக இருந்தால் இன்னொரு முழுச் சுற்று சுற்று.

அளவை உன் வண்டியின் மேனுவலில் பார், யார் சொல்வதையும் கேட்காதே, நான் சொன்னாலும் கூட. சின்ன ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் சூடு அதிகம் என்பதால் பல வண்டிகளில் அங்கே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். அதற்கு அடுத்த தடிமன் உள்ளே நுழையக் கூடாது. இடைவெளியை மாற்றும் ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்தும் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பும், எனவே ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு இறுக்கு. இறுக்கிய பிறகு கட்டாயம் மறுபடி அள.

சத்தம் வரக் கூடாது என்று இடைவெளியைக் குறைத்துவிடாதே, அம்மாடி. டேப்பெட் லேசாக டக்டக் என்றால் பெரிய கெடுதல் இல்லை. இறுக்கமாக இருந்தால் வால்வு சீட்டில், அதாவது அது மூடி உட்காரும் வளையத்தில், முழுதாக உட்காராது. வால்வின் சூடு சீட்டில் படும்போதுதான் ஹெட்டுக்கு இறங்கும். உட்காராத வால்வு சத்தமே இல்லாமல் கருகும், கம்ப்ரெஷனும் போய்விடும். போகப் போக சீட் தேய்ந்து இடைவெளி தானாகக் குறையும் என்பதால், சத்தம் நின்றுபோனாலும் அளந்து பார்க்க வேண்டும்.

மூடி போடும்போது ரப்பர் ஓரிங்கில் துளி ஆயில் தடவி, மடிப்பு விழாமல் உட்கார வை. நசுங்கினால் ஆயில் கசியும். பழையதாக இருந்தால் மாற்றிவிடு. அலுமினிய மரை மென்மையானது. போல்ட்டை முதலில் விரலாலேயே சுற்றி இறக்கு, ஸ்பானரைக் கடைசியில்தான் தொட வேண்டும். மரை போய்விட்டால் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையைப் போட்டுச் சரிசெய்யலாம், அதற்காக அழுது உட்காராதே.

மூடியை மூடும் முன் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மீண்டும் ஒரு முறை அளந்துவிடு. ஆரம்பத்தில் இருந்த அளவு, வைத்த பிறகு உள்ள அளவு, ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் நோட்டில் எழுதி எனக்கு ஒரு படம் அனுப்பு. அப்புறம் மூடியையும் பிளக்கையும் திரும்பப் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணு.

அன்புடன்,
அப்பா