அடுத்த கதை: 1324, மாலி

ஆசிரியர்களே, நடுநிலைப் பிள்ளைகளுக்கான அடுத்த கதையில் மாலிப் பேரரசர் மன்சா மூசா மக்காவுக்குப் புறப்படுகிறார். ஒவ்வொரு குழுவுக்கும் அந்தப் பயணக் கூட்டத்தில் ஒரு பாத்திரம்: ஒட்டகம் ஓட்டுபவர், உப்பு வணிகர், அரசவைப் பாணர். சகாராவை எப்படிக் கடப்பது, கெய்ரோவில் எவ்வளவு தங்கம் செலவழிப்பது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் ஒவ்வொரு முடிவுக்கும் சான்று வேண்டும். "எனக்குத் தோணுச்சு" செல்லாது. கெய்ரோவில் தங்கத்தின் மதிப்பு சரிந்ததை அரபு வரலாற்றாசிரியர் அல்-உமரி எழுதியிருக்கிறார். 1375ஆம் ஆண்டு கட்டலான் நிலப்படத்தில் மூசா கையில் தங்கத்தோடு அமர்ந்திருக்கிறார். இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், தேடிக் கண்டுபிடிக்கட்டும். அப்புறம், மாறுவேடம் வேண்டாம். அது சீக்கிரமே கேலியாகிவிடும். பாத்திர அட்டைகளை வெள்ளிக்கிழமை இங்கே போடுகிறேன். பாணர் பாத்திரத்துக்குக் கேள்விகள் எழுத யாராவது முன்வந்தால் நல்லது.