மருந்தை மாற்றும் முன் சொல்லுங்கள்: மதுரை மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு வணக்கம்.

முதுகெலும்பு அறுவை சிகிச்சையின்போது உங்கள் பக்கத்திலேயே மெஷினோடு உட்கார்ந்து நோயாளியின் நரம்பு சிக்னல்களைப் பார்ப்பது என் வேலை. கேஸ் தொடங்கும் முன்பே என்ன மயக்கம் கொடுக்கப்போகிறீர்கள் என்று என்னோடு பேசிவிடுங்கள். நடுவில் எதையாவது மாற்றுவதாக இருந்தால் மாற்றும் முன் சொல்லுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

மண்டையில் கொடுக்கும் மின்துடிப்பு தண்டுவடம் வழியே இறங்கி, கை கால் தசைகளில் அலையாகத் தெரிகிறது. 1980-இல் மெர்ட்டனும் மார்ட்டனும் இதைச் செய்து காட்டியபோது ஆள் விழித்திருந்தார், ஒரே துடிப்பில் தசை அசைந்தது. மயக்கத்தில் அது நடக்காது. நரம்பிழையில் நேராகப் பிறக்கும் டி அலை ஓரளவு தாங்கும். பின்னால் வரும் ஐ அலைகளை செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க காஸ்கள் அமுக்கிவிடும். தசையை இயக்கும், தண்டுவடத்தின் முன்கொம்பு செல்களும் மந்தமாகிவிடும். அதனால்தான் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் ஐந்தாறு துடிப்புகளை அடுத்தடுத்துக் கொடுக்கிறோம். ஒன்றோடு ஒன்று சேர்ந்தால்தான் அந்த செல் கிளம்பும்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் பிள்ளை, வளைந்த முதுகு. கம்பியைத் திருப்பி நிமிர்த்தும் நேரம், இரண்டு கால் அலைகளும் படுத்துவிட்டன. சர்ஜன் கையை எடுத்துவிட்டார். கைக் கட்டைவிரல் அடித்தசையைப் பார்த்தேன், அதுவும் தட்டையாகக் கிடந்தது. நெஞ்சுப் பகுதியில் தண்டுவடம் நசுங்கினால் கை அலை போகாதே! விசாரித்தால், பிள்ளை லேசாக அசைந்தாள் என்று தசையைத் தளர்த்தும் வெக்குரோனியம் மருந்தை ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அலை திரும்பும்வரை அத்தனை பேரும் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

இதைவிட எனக்குப் பயம், "மயக்கத்தால்தான் இருக்கும், விடுங்கள்" என்ற பேச்சு. காஸ் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், உண்மையிலேயே தண்டுவடம் அடிபடும் நாளிலும் அதையேதான் சொல்வோம். உணர்வு சிக்னல் நன்றாகத்தானே வருகிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். அது தண்டுவடத்தின் பின்பக்கம் போகிற பாதை. இயக்கப் பாதைக்கு முன் தமனிதான் முக்கியமாக ரத்தம் தருகிறது. அது அடைபட்டால் உணர்வு சிக்னல் அப்படியே இருக்க, கால் மட்டும் விழுந்துவிடலாம்.

காஸுக்குப் பதில் ஊசி மருந்துகளான புரோபோபாலும் ஃபென்டனிலும் பம்ப்பில் ஓடினால் எனக்கு அதுவே போதும். பம்ப் கிடைக்காத இடத்தில் காஸைப் பாதி மேக்குக்குள் (மேக் என்பது, கத்தி பட்டாலும் பாதிப் பேர் அசையாமல் இருக்கும் காஸ் அளவு) ஒரே அளவில் வையுங்கள். குழாய் போடக் கொடுக்கும் தளர்த்தி மருந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலை சரிகிறது என்று நான் சொன்னதும் முதலில் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஏற்றுங்கள். பல நேரம் அதிலேயே திரும்பிவிடும்.

அப்புறம், துடிப்பு கொடுக்கும்போது தாடை இறுகும். கவிழ்த்துப் படுக்க வைக்கும் முன் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவிலும் துணிச் சுருள் வைத்து, நாக்கு நடுவில் மாட்டவில்லையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நரம்புக் கண்காணிப்புத் தொழில்நுட்பர், மதுரை