மைசூர் டூர் நோட்டீஸ் எழுதுவதற்கு முன்னால்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிகிற சமயம் நம் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு நோட்டீஸ் வரும். சாமுண்டி மலை, அரண்மனை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவனம், எல்லாம் ஒரே நாளில். விடியாத நேரத்தில் பஸ் கிளம்பும், மறுநாள் விடியாத நேரத்தில் திரும்பும். பிள்ளைகளுக்குத் துணையாகப் போன பெற்றோரில் நானும் ஒருவன். அரண்மனைக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். செருப்பை விட்டு வரிசையில் நிற்பதிலேயே அதில் பாதி போய்விட்டது. உள்ளே கேட்டதெல்லாம் "நிக்காதே, நட, நட" என்ற குரல்தான். வெளியே வந்ததும் என்ன பார்த்தாய் என்று என் மகளைக் கேட்டேன். "பெரிய பெரிய கதவு" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நின்று பார்க்க அங்கே எவ்வளவோ இருக்கிறது. பழைய மர அரண்மனை 1897-இல் இளவரசி ஜெயலட்சுமம்மணியின் கல்யாண சமயத்தில் எரிந்துபோனது. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-இல் கட்டி முடித்த புது அரண்மனைதான் இப்போது நாம் பார்ப்பது. எழும்பூர் மியூசியத்துக்குள் சிவப்பாக நிற்கும் விக்டோரியா நினைவு மண்டபமும் அவர் வடிவமைத்ததுதான். ஒரு முறை தீயில் சூடுபட்டவர்கள் என்பதால் இந்தத் தடவை கல்லையும் இரும்பையும் நம்பினார்கள். கல்யாண மண்டபத்தில் நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தவை. மேலே மயில் போட்ட வண்ணக் கண்ணாடிக் கூரை. இந்தக் கதையை முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளை தூணைத் தட்டிப் பார்க்க ஆசைப்படும் (காவலர் விடமாட்டார், அது வேறு). வெளிச்சுவர் கிரானைட். குவாரி லாரிகளுக்கு வழிவிட்டே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லைப் பற்றி மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகவே தெரியும். கேட்டுப் பாருங்கள், எப்படி அறுப்பார்கள், எப்படி பாலிஷ் போடுவார்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

தங்க அம்பாரியையும் பொம்மைக் கொலுவையும் எப்படியும் பார்த்துவிடுவார்கள். கல்யாண மண்டபத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் இருக்கும் தசரா ஊர்வல ஓவியங்களைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை. புகைப்படங்களை வைத்து வரைந்தவை அவை. யானை, குதிரை, பேண்டு வாத்தியம், வேடிக்கை பார்க்கும் சனம் என்று ஒரு ஊரே அதில் நடந்துபோகிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆள் யாராக இருப்பார் என்று யோசித்து எழுதட்டுமே. அதற்கே அரை மணி நேரம் வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நம் பிள்ளைகள் மைசூருக்கு ஏதோ வெளியூர் ராஜா வீட்டை வேடிக்கை பார்ப்பதுபோல் போய் வருகிறார்கள். ஐதர் அலி, திப்பு காலத்தில் நம் பாராமகால், அதாவது அன்றைக்கு அந்தப் பெயரில் இருந்த இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று நிமிர்ந்தால் தெரிகிற சையத் பாஷா மலைக்கோட்டையை 1791-இல் ஆங்கிலேயர் தாக்கி, பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து நிலம் அளந்து வரி போட்டார்கள். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இங்கேதான். திப்பு 1799-இல் இறந்த பிறகு உடையார் குடும்பத்தின் சின்னப் பையன் ஒருவனைக் கம்பெனி அரியணையில் உட்கார வைத்தது. அந்த வம்சத்தின் அரண்மனையைத்தான் நாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறோம். இது தெரியாமல் போகிற பிள்ளைக்கு அது வெறும் பெரிய கதவுதான்.

அந்த உடன்படிக்கை கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூருக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. நம் பஸ்கள் நிற்காமல் போய்விடுகின்றன. அங்கே தரியா தௌலத் பாக் என்ற திப்புவின் கோடைக்கால அரண்மனை இருக்கிறது. 1784-இல் கட்டியது, பெரும்பாலும் தேக்கு மரம், இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். மேற்குச் சுவர் முழுக்க 1780-இல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் நடந்த சண்டையின் ஓவியம். வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. நடுவில் ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆண்டு ஐதரின் படை கீழே இறங்கியது செங்கம் கணவாய் வழியாக, அதாவது நம் சிங்காரப்பேட்டையைத் தாண்டினால் வருகிற இடம். சிங்காரப்பேட்டைப் பிள்ளை ஒன்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்று "இவங்க எங்க ஊரு வழியா வந்தவங்களா சார்?" என்று கேட்டால், டூருக்குக் கட்டிய காசு அங்கேயே வசூல்.

அதனால் என் கோரிக்கை இதுதான். பிருந்தாவனத்தை எடுத்துவிடுங்கள். கலர் நீரூற்றுக்காக இருட்டும்வரை காத்திருந்துதான் பஸ் நள்ளிரவு தாண்டி வருகிறது, பெற்றோர் பள்ளி வாசலில் வண்டியோடு தூங்கி விழுகிறோம். மிருகக்காட்சி சாலை இருக்கட்டும், அதை எடுத்தால் பிள்ளைகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். காலையில் தரியா தௌலத், பிறகு அரண்மனைக்கு முழுசாக மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை போனால் அரண்மனை விளக்குகளையும் கேட்பார்கள் என்று தெரியும். சுமார் 97,000 பல்பு, கேட்காமல் என்ன செய்வார்கள்? வேறு கிழமையில் போவது உத்தமம், கூட்டமும் குறையும்.

டூருக்கு முந்தைய வாரம் ஒரு பீரியடு ஒதுக்கி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இங்குள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும், தருமபுரிக்காரர்கள் நடுகற்கள் இருக்கும் தொல்லியல் துறை அகழ்வைப்பகத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். காட்சிப் பொருளுக்கு முன்னால் நிற்கப் பழகியவர்களுக்கு மைசூரில் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இன்னும் பஸ்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை எடுங்கள். நோட்டீஸைத் திருத்தி எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெற்றோர்